ஸ்கேனிலிருந்து ஸ்கேன் வரை

என் சித்தி மகனுக்கு இருபத்தொரு வயதில் ஈவிங் சார்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. தொடை எலும்பில் தொடங்கிய கட்டி. கண்டுபிடிக்கும்போதே நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. இரண்டாவது கீமோவுக்கு முன் டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். சித்தப்பா மடியில் அந்தத் தடித்த ஃபைல். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "ஏதாவது கேக்கணுமாப்பா?" என்று அவனைப் பார்த்தார். பிழைப்பேனா, எத்தனை நாள் என்று ஏதாவது வரப்போகிறது என நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் கேட்டது இது: "சார், ஏப்ரல்ல மூணு அரியர் இருக்கு. எழுத முடியுமா?"

சித்தப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இப்ப இதுவாடா முக்கியம்?"

டாக்டர் மட்டும் மேசைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார். கீமோ ஏற்றிய ஏழாம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்க ஆரம்பித்து, பதினான்காம் நாள் வரை அடிமட்டத்தில் கிடக்கும். அந்த வாரத்தில் நாற்பது பேர் இருமுகிற ஹாலில் போய் உட்காரக் கூடாது. அப்புறம் கவுண்ட் மெல்ல ஏறும். இருபத்தொரு நாள் சுற்று என்றால் கடைசி நான்கைந்து நாட்கள்தான் கொஞ்சம் தெம்பான நாட்கள். பென்சிலால் கட்டம் போட்டுப் பார்த்தார். "ரெண்டு பேப்பர் நல்ல நாள்ல விழுது. மூணாவது சந்தேகம். கவுண்ட் பாத்துட்டு சொல்றேன்."

வெளியே வரும்போது அவன் முகத்தில் பல நாள் காணாத தெளிச்சல் இருந்தது. நோயைப் பற்றி ஒரு நல்ல சேதியும் யாரும் சொல்லவில்லை. தேதி மட்டும்தான் கிடைத்தது. அந்தத் தேதி ஏன் அவனுக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது என்பது புரிந்தால், தீவிரப் புற்றுநோயோடு இளையவர்கள் எப்படி நாளை ஓட்டுகிறார்கள் என்பதில் பாதி புரிந்த மாதிரி.

முதலில், 'இளையவர்' என்றால் யார்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகக் கணக்கில் எடுக்கிறது. தனியாக எடுக்க என்ன அவசியம் என்று கேட்கலாம். இவர்கள் இரண்டு வார்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள். குழந்தைகள் வார்டில் சுவரெல்லாம் கார்ட்டூன், பெரியவர்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் அறுபது வயதுத் தாத்தா. பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. பிரிட்டனில் பதின்ம வயதினருக்கென்றே தனி வார்டு ஒன்றை 1990-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் திறந்தார்கள். அதற்கு முன் பதினாறு வயதுப் பிள்ளை எங்கே படுப்பது என்பது காலியாக இருக்கிற கட்டிலைப் பொறுத்த விஷயம்.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட சங்கதியும் இல்லை. ஏ.எல்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோயில், பதின்ம வயதினருக்குப் பெரியவர்களுக்கான மருந்துத் திட்டத்தைவிடக் குழந்தைகளுக்கான திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்பது பின்னால்தான் தெளிவானது. ஒரே நோய், ஒரே வயது. எந்த வாசல் வழியாக உள்ளே போனார் என்பதே பலனை மாற்றியிருக்கிறது.

நோய் பிடிபடுவதும் தாமதமாகிறது. இந்த வயதில் கேன்சரா என்று யாருக்கும் தோன்றுவதில்லை. முழங்கால் வலியா, கிரிக்கெட் ஆடியிருப்பான். இருமலா, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக யுவராஜ் சிங் 113 ரன் அடித்த ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். சென்னை வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மார்புக்கூட்டுக்குள் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் கட்டி இருந்தது பிறகுதான் தெரியவந்தது. நாட்டிலேயே அதிகம் கண்காணிக்கப்பட்ட உடம்புகளில் ஒன்றுக்கே இப்படி என்றால் காலேஜ் பையனின் கால் வலி எம்மாத்திரம்.

அடுத்து, 'தீவிரம்' என்ற சொல். நான்காம் நிலை என்று காதில் விழுந்ததும் முடிவு என்றே நம் ஊரில் அர்த்தம் செய்துகொள்கிறோம். எல்லாக் கேன்சருக்கும் அது பொருந்தாது. விதைப்பையில் தோன்றும் புற்றுநோய் நுரையீரல்வரை பரவியிருந்தாலும் பலருக்கு முழுதாகக் குணமாகிறது. எழுபதுகளில் சிஸ்பிளாட்டின் மருந்தை வைத்து இந்த மாற்றத்தைக் கொண்டுவந்த லாரன்ஸ் ஐன்ஹார்ன்தான் யுவராஜுக்கும் வைத்தியம் பார்த்தவர். சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் இன்னொரு தினுசு. 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபின், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம் என்ற நிலை வந்துவிட்டது. அந்த மாத்திரைக்குக் காப்புரிமை தர முடியாது என்று 2006-இல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அங்கேயும் அதே தீர்ப்பு. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்தை இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் கொடுக்க முடிந்தது இதனால்தான்.

மூன்றாவது வகைதான் கடினமானது. அடக்கலாம், தள்ளிப்போடலாம், ஆனால் முழுதாக ஒழிக்க முடியுமா என்று டாக்டராலேயே சொல்ல முடியாது. தம்பியின் நோய் அந்தப் பக்கம் சாய்ந்தது. இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையில் ஓர் அளவுகோல் வந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். வருடம், மாதம் எல்லாம் போய், ஸ்கேனிலிருந்து ஸ்கேன் வரை என்று காலம் துண்டு துண்டாகிறது.

அவன் போன் காலண்டரை ஒரு முறை காட்டினான். சிவப்பில் சி.டி., பச்சையில் மற்றவை. பச்சையில் என்ன? பைக் சர்வீஸ், நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம், ஐ.பி.எல். ஆட்டம் ஒன்று, "அம்மாவுக்கு ஓடிபி சொல்லிக்கொடு" என்று ஒன்று. சிவப்புக்கு அந்தப் பக்கம் பச்சையே கிடையாது. "ரிசல்ட் வந்தப்புறம்தான் அடுத்த மூணு மாசத்தத் தொறப்பேன்" என்றான். அவன் கேட்ட அரியர் தேதி அந்தத் துண்டுக்குள் விழுந்தது. அதனால்தான் கேட்டான். வேலை, கல்யாணம், வீடு என்று கேட்டிருந்தால் அது கட்டத்துக்கு வெளியே போயிருக்கும்.

இன்னொன்றையும் அவனிடம் கவனித்தேன். காலையில் தன் மருத்துவச் செலவுக் கணக்கைப் போட்டு, "இதுக்கு மேல வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுண்ணா" என்பான். சாயங்காலம் புது லேப்டாப்புக்கு எந்த பிராசஸர் நல்லது என்று அரை மணி நேரம் விவாதிப்பான். முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. நிலைமை இவனுக்குப் புரிந்திருக்கிறதா, இல்லையா?

டொரண்டோவில் உள்ள பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்தின் மனநல மருத்துவர் கேரி ரோடின் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். தமிழில் 'இரட்டை விழிப்பு' என்று சொல்லலாம். சாவு வரலாம் என்பதையும், இன்று உயிரோடு இருக்கிறேன், செய்ய வேலை இருக்கிறது என்பதையும் ஒரே மனது ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது. நாம் வெளியிலிருந்து பார்த்து இதை 'மறுப்பு' என்று முத்திரை குத்திவிடுகிறோம். லேப்டாப் பற்றிப் பேசினால் உண்மையை ஏற்கவில்லை, செலவைப் பற்றிப் பேசினால் நம்பிக்கை இழந்துவிட்டான். இரண்டும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் போய்வர முடிகிறவரைக்கும் ஆள் சமாளிக்கிறார் என்றுதான் அர்த்தம். ஒரு பக்கமே உறைந்துபோனால்தான் கவலைப்பட வேண்டும். ரோடினின் குழு இதை அடிப்படையாக வைத்து, சில மாதங்களில் மூன்று முதல் ஆறு அமர்வுகள் கொண்ட ஒரு பேச்சுமுறைச் சிகிச்சையை வடிவமைத்தது. முற்றிய புற்றுநோய் உள்ள 305 பேரிடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள், மனச்சோர்வு குறைந்திருந்தது.

'பாசிட்டிவ்வா இரு' என்ற அறிவுரை எனக்கு எரிச்சலாக இருப்பது இதனால்தான். அது இரண்டு விழிப்பில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூட இடமில்லாமல் போய்விடும். அப்புறம் ஸ்கேனில் கெட்ட சேதி வந்தால், நான் சரியாகப் பாசிட்டிவ்வாக இல்லையோ என்ற குற்ற உணர்வு வேறு. மனநிலை கட்டியை வளர்ப்பதும் இல்லை, கரைப்பதும் இல்லை. கனடாவின் டெரி ஃபாக்ஸை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்தபின், 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பையன். மாபெரும் காரியம்தான். நுரையீரலுக்குப் பரவியதால்தான் அவர் ஓட்டம் நின்றது. மறு ஆண்டு இருபத்திரண்டு வயதில் இறந்தார். அவ்வளவு மன உறுதி இருந்தவருக்கே நோய் திரும்பியது. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் மாரத்தான் ஓட வேண்டியதில்லை. சிலருக்கு அன்றைக்கு எழுந்து பல் தேய்ப்பதே ஓட்டம்.

ஸ்கேன் நெருங்கும் வாரம் வேறு மாதிரி. தூக்கம் போகும், எரிந்து விழுவான், சாதாரண முதுகுவலிகூடப் பரவிவிட்டதோ என்று தோன்றும். இப்போதெல்லாம் ரிப்போர்ட் டாக்டருக்கு முன்னால் போனுக்கு பி.டி.எஃப். ஆக வந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு, தனியாக, ஒவ்வொரு சொல்லையும் கூகுளில் போட்டுப் படிக்கிற கொடுமை இருக்கிறதே. இரண்டு முறை அப்படிச் சிக்கியபின் தம்பி ஒரு ஏற்பாடு செய்தான். ரிப்போர்ட் என் நம்பருக்கு வரும். நான் திறக்கக் கூடாது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து மூவரும் சேர்ந்துதான் திறப்பது. ஸ்கேன் முடிந்த கையோடு, முடிவு வருவதற்கு முன்னாலேயே, ஒரு பிரியாணி. முடிவு எதுவானாலும் பிரியாணி கெடாது என்பது அவன் கணக்கு.

உடம்பு மாறுவதை அறுபது வயதில் தாங்குவது ஒன்று, இருபத்தொன்றில் தாங்குவது வேறொன்று. முடி கொட்டியபின் தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன தம்பி மொட்டை, பழனியா திருப்பதியா?" அவனும் "பழனி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வீட்டு ஆச்சி, "பஞ்சாமிர்தம் எங்கடா?" என்று கேட்டு மாட்டிவிட்டது. பழனி பஞ்சாமிர்தம் எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் அலைந்து ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தோம். வீட்டில் அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த மாதம் புருவமும் போயிற்று. எந்தக் கோயிலிலும் புருவத்தை எடுப்பதில்லை. அதற்குப் பிறகு அவன் பகலில் வெளியே போவதை நிறுத்திக்கொண்டான்.

இதைவிட யாரும் வாய் திறக்காத சங்கதி பிள்ளைப்பேறு. கீமோ மருந்துகளில் பல விந்தணுவையும் கருமுட்டையையும் பாதிக்கக்கூடியவை. தொடங்குவதற்கு முன்னாலேயே சேமித்து வைக்க முடியும். ஆணுக்கு ஒரு நாள் வேலை; பெண்ணுக்குச் சுமார் இரண்டு வாரம். ஆனால் கல்யாணமாகாத பிள்ளையிடம், அதுவும் அப்பா அம்மா முன்னால், யார் கேட்பது? டாக்டர் தயங்குகிறார், பெற்றோருக்கு உயிர் பிழைத்தால் போதும், பிள்ளைக்கு வெட்கம். அந்த ஒரு நாள் கடந்துபோகிறது. இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் இப்படி நிலைமை என்றால், முதல் கீமோவுக்கு முன் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் பிள்ளை தனியாகப் பேசப் பத்து நிமிடமும் கேட்டு வாங்குங்கள்.

பணம், குற்ற உணர்வு இரண்டும் ஒன்றாகவே வரும். எனக்காக வீட்டை அடமானம் வைத்தார்கள், அக்கா கல்யாணம் தள்ளிப்போகிறது என்று பிள்ளை உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று பெண் பார்க்க வரும் நாளில் இவனை மாடிக்கு அனுப்புகிற வீடுகளும் உண்டு. நண்பர்களில் சிலர் காணாமல் போவார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, என்ன பேசுவது என்று தெரியாமல். முள்சீத்தா கஷாயத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் மட்டும் ஒரு நாளும் காணாமல் போக மாட்டார்கள்.

நம் வீடுகளின் பெரிய பிரச்சினை மறைப்பது. "பையனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க டாக்டர்" என்பது புற்றுநோய் வார்டுகளில் அன்றாடம் கேட்கிற வாக்கியம். பாசத்தில்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் கையில் போன் இருக்கிற பிள்ளைக்கு மருந்தின் பெயர் போதும், மீதி தானாகத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியும், அப்பா அம்மா தாங்க மாட்டார்கள் என்று தெரியாத மாதிரி நடிக்கிறான். அவர்களும் நடிக்கிறார்கள். கடைசியில் மூன்று பேரும் ஒரே அறையில் தனித்தனியாக அழுகிறார்கள்.

ஸ்வீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2004-இல் வெளியானது. சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசினீர்களா என்று கேட்டார்கள். பேசியதாகச் சொன்னவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். இந்த எண்ணிக்கையைப் படித்தபின் எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

எப்படித் தொடங்குவது என்றால், பெரிய முன்னுரை தேவையில்லை. "உனக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டால் போதும். எல்லாம் வேண்டும் என்பவரும் உண்டு, அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்கள் என்பவரும் உண்டு. பதில் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2012-இல் இளையவர்களுக்கென்றே ஒரு சிறு கையேடு வந்தது. முடியாமல் போனால் யார் எனக்காக முடிவெடுக்க வேண்டும், யாரெல்லாம் பார்க்க வரலாம், என் பொருட்கள் யாருக்கு என்று அவர்களே எழுதி வைக்கிற மாதிரி. இருபது வயதில் சொத்து ஏது என்று நினைப்போம். அவர்களுக்கு அது ஹெட்ஃபோன், கிரிக்கெட் பேட், போன் பாஸ்வேர்டு.

வலியைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. வலி நிவாரண சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர், என்ற சொல்லைக் கேட்டாலே கைவிட்டுவிட்டார்கள் என்று வீட்டில் ஒப்பாரி ஆரம்பித்துவிடும். பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது. இடைநிலை ஆயுளும், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலமும், 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. அவர்கள் இளையவர்கள் இல்லை, ஆனால் பாடம் பொதுவானது: கீமோவும் வலி நிவாரணமும் சேர்ந்தே நடக்கலாம். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய பணி அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை வீடு வீடாக அனுப்புகிற இயக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரண சேவை இருக்கிறது. மார்ஃபின் மாத்திரை என்றதும் பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அது வலியைக் குறைத்து ஆளை எழுப்பி உட்கார வைக்கிற மருந்து. தம்பி மார்ஃபின் தொடங்கிய வாரம்தான் பல நாளுக்குப் பிறகு பைக்கைத் துடைத்தான்.

மனசு ஒரு பக்கமே உறைந்துபோவது பற்றிச் சொன்னேன் அல்லவா. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு, யாரையும் பார்க்க மறுப்பது என்று வந்தால் அதைக் 'கேன்சர் வந்தா இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் வைத்தியம் உண்டு. சிகிச்சை தரும் டாக்டரிடமே சொல்லலாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ஏப்ரல் கதைக்கு வருகிறேன். முதல் இரண்டு பேப்பரை மாஸ்க்கோடு போய் எழுதினான். மூன்றாவது பேப்பரன்று விடியற்காலை உடம்பு 101 டிகிரி. கீமோவில் இருப்பவருக்கு 100.4-ஐத் தாண்டினாலே அவசரம், க்ரோசின் போட்டுக் காத்திருக்கக் கூடாது. ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்க, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்து நாள் ஊசி மருந்து. எழுதிய இரண்டிலும் பாஸ்.

இப்போது மூன்றாவது வகை மருந்தில் இருக்கிறான். நுரையீரல் புள்ளிகளில் இரண்டு சுருங்கியிருக்கின்றன, ஒன்று அப்படியே இருக்கிறது. அடுத்த சி.டி. நவம்பர் கடைசியில். பாக்கியுள்ள பேப்பர் அதற்கு எட்டு நாள் முன்னால் வருகிறது. போன வாரம் காலேஜில் வரிசையில் நின்று பரீட்சைப் பணம் கட்டிவிட்டு வந்தவர் சித்தப்பா. ரசீதை அந்தத் தடித்த ஃபைலில்தான் வைத்திருக்கிறார், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளுக்கு மேலே.